கரட்டு மேய்ச்சல் நிலத்துக்கு ரோட்டரி மோவரைச் செட் செய்வது: முழுமையான வழிகாட்டி

டிராக்டரின் பின்னால் ரோட்டரி மோவரை மாட்டியதும் புதிதாக வருகிறவர்களின் கை நேராக டாப் லிங்க்குக்குத்தான், அதாவது மோவரின் மேல்பகுதியை டிராக்டரோடு இணைக்கும் திருகுக் கம்பிக்குத்தான் போகிறது. அதைத் திருகினால் மோவரின் வால் ஏறுவதும் இறங்குவதும் கண்ணெதிரே தெரிகிறது. அதனால் வெட்டும் உயரத்தை வைப்பதே அதுதான் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அரை மணி நேரம் ஓட்டியபின் ஒரு மேட்டில் மண்ணைச் சீவியிருக்கும், அடுத்த பள்ளத்தில் புல் அப்படியே நிற்கும்.

டாப் லிங்க் கடைசியாகத் தொட வேண்டியது. அதுவும் இறுக்குவதற்கு அல்ல, தளர்வு கொடுப்பதற்கு. அதற்கு முன் இடவல மட்டம், வால் சக்கரம், முன் உயரம் மூன்றும் இதே வரிசையில் முடிந்திருக்க வேண்டும். வரிசை மாறினால் ஒன்றைச் சரிசெய்யும்போது முன்பு சரிசெய்தது கெட்டுப்போகும். நாள் முழுக்க ஸ்பேனரும் கையுமாக நிற்க வேண்டியதுதான்.

கீழே சொல்வது டிராக்டரின் மூன்று புள்ளி இணைப்பில் (கீழே இரண்டு லோயர் லிங்க் கைகள், மேலே ஒரு டாப் லிங்க்) தொங்கும், ஒற்றை கியர் பாக்ஸும் பின்னால் வால் சக்கரமும் உள்ள மோவருக்கு. முழங்கால் உயரத்துக்கு மேல் வளர்ந்த முரட்டுப் புல், களை, விரல் தடிமன் குத்துச்செடி இருக்கும் நிலம் என்று வைத்துக்கொள்கிறேன்.

1. முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

அளவு நாடா, ரசமட்டம், சாக்பீஸ், கிரீஸ் கன், கியர் ஆயில், தடித்த கையுறை, நீண்ட கைப்பிடியுள்ள ஸ்பேனர் அல்லது சாக்கெட், நான்கு உறுதியான மரக்கட்டைகள் அல்லது ஸ்டாண்டுகள். ஷியர் போல்ட் (சுமை மீறினால் தானே உடைந்து கியர் பாக்ஸைக் காக்கும் போல்ட்) உள்ள மோவர் என்றால் அதே தரத்தில் நான்கைந்து போல்ட். மோவரின் கையேடும் பக்கத்தில் இருக்கட்டும். பிளேடு போல்ட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்பது அதில் மட்டுமே இருக்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் மட்டமான தரை, முடிந்தால் சிமெண்ட் தளம். நிலத்திலேயே நின்று செட் செய்தால் நிலத்தின் சாய்வையும் சேர்த்து அளந்துவிடுவீர்கள்.

டேப்பை எடுக்கும் முன் டிராக்டரின் பின் டயர் இரண்டிலும் காற்று பாருங்கள். ஒரு பக்கம் குறைந்திருந்தால் டிராக்டரே சாய்ந்து நிற்கும். அந்தச் சாய்வுக்கு ஏற்ப மோவரை மட்டம் செய்துவிட்டு, மறுநாள் காற்று அடித்ததும் மட்டம் எங்கே போனது என்று தேடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

டிராக்டரின் திறனையும் ஒரு தடவை கணக்குப் போடுங்கள். மோவரின் வெட்டு அகலம் ஓர் அடிக்கு பிடிஓவில் (மோவருக்குச் சுழல்விசை தரும் டிராக்டரின் பின்பக்கத் தண்டு) சுமார் 5 குதிரைத்திறன் வேண்டும் என்பது பொதுவான கணக்கு. ஐந்தடி மோவருக்கு 25. முரட்டுப் புல்லும் செடியும் கலந்திருந்தால் இன்னும் கொஞ்சம் கூடுதலாக இருப்பது நல்லது. மோவரைத் தூக்கும்போது டிராக்டரின் முன்பக்கம் லேசாகக் கூடாது. மொத்த எடையில் ஐந்தில் ஒரு பங்காவது முன் அச்சில் இருக்க வேண்டும். இல்லையென்றால் முன்னால் எடைக்கட்டி போட்டுவிட்டு மற்ற வேலையைத் தொடங்குங்கள்.

2. எஞ்சின் நிற்கட்டும், முட்டு இருக்கட்டும்

பிடிஓவைத் துண்டித்து, பார்க்கிங் பிரேக் போட்டு, எஞ்சினை நிறுத்தி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். பிளேடு முழுதாக நிற்கும்வரை இறங்க வேண்டாம். பிடிஓவை எடுத்த பிறகும் அது கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

மோவரின் அடியில் கை போகும் ஒவ்வொரு முறையும் டெக்கின் (பிளேடை மூடியிருக்கும் தகட்டுக் கூடு) நான்கு மூலையிலும் முட்டு இருக்க வேண்டும். ஹைட்ராலிக் தூக்கிப் பிடித்திருக்கிறதே என்று நம்பி உள்ளே போகாதீர்கள். சீல் தேய்ந்த லிஃப்ட் எஞ்சின் நின்றதும் மெல்ல இறங்கும். யாராவது தெரியாமல் லிவரைத் தட்டினால் சட்டென்று இறங்கும்.

3. முதலில் பிளேடு, அப்புறம்தான் அளவு

உயரத்தை பிளேடு நுனியில்தான் அளக்கப்போகிறோம். எனவே தேய்ந்த, வளைந்த பிளேடை வைத்துக்கொண்டு அளப்பதில் பயனில்லை. முதலில் இதை முடித்துவிடுங்கள்.

ரோட்டரி மோவரின் பிளேடு போல்ட்டில் இறுகி நிற்பதில்லை. கதவு கீலில் ஆடுவது போல ஆடும். சுற்றும் வேகத்தில் வெளியே விரிந்து நிற்கும், கல்லிலோ கட்டையிலோ மோதினால் பின்னால் மடங்கித் தப்பிக்கும். ஒவ்வொரு பிளேடையும் கையுறை போட்ட கையால் ஆட்டிப் பாருங்கள். துரு பிடித்து இறுகியிருந்தால் சுற்றும்போது ஒன்று விரியும், ஒன்று மடங்கியே இருக்கும். அப்போது வரும் அதிர்வு கியர் பாக்ஸ் பேரிங்கைத் தின்றுவிடும்.

எவ்வளவு வேகம் என்று ஒரு கணக்கு. ஒன்றரை மீட்டர் விட்டமுள்ள மோவரில் பிளேடு நிமிடத்துக்கு 1000 சுற்று சுற்றினால், நுனி நொடிக்குக் கிட்டத்தட்ட 78 மீட்டர் போகிறது. மணிக்கு 280 கிலோமீட்டர். அந்த வேகத்தில் ஒரு பிளேடு மற்றொன்றைவிட நூறு கிராம் குறைந்தாலும் டிராக்டர் இருக்கை வரை உதறும். அதனால் பிளேடு மாற்றினால் ஜோடியாக மாற்றுங்கள். தீட்டினால் இரண்டையும் தராசில் வைத்துப் பார்த்து எடையைச் சமமாக்குங்கள்.

தீட்டுவதில் ஒரு தப்பு அடிக்கடி நடக்கிறது: கத்தி போலக் கூராக்குவது. முரட்டுப் புல்லுக்கு அது வேண்டாம். பழைய சாய்வுக் கோணத்திலேயே மேல்பக்கத்தை மட்டும் தேய்த்து, விளிம்பில் சுமார் ஒன்றரை மி.மீ. மொட்டையாக விடுங்கள். மயிரிழைக் கூர் முதல் கல்லிலேயே மடங்கிவிடும். கிரைண்டரை ஒரே இடத்தில் அழுத்தி இரும்பு நீலம் பூத்தால் அந்த இடத்தில் பதம் போய்விட்டது என்று அர்த்தம். விரிசல் விட்ட பிளேடை வெல்டிங் வைத்துத் திரும்பப் போடுவது பற்றி யோசிக்கவே வேண்டாம்.

கூர் விளிம்பு சுற்றும் திசையில் முன்னால் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கையேட்டில் சொன்ன அளவுக்கு போல்ட்டை இறுக்குங்கள். அந்த அளவு நாம் கையால் உத்தேசமாக இறுக்குவதைவிட மிக அதிகமாகவே இருக்கும். அடியில் இருக்கும்போதே கியர் பாக்ஸ் தண்டைச் சுற்றிக் கம்பியோ கயிறோ சிக்கியிருக்கிறதா பாருங்கள். சிக்கிய கம்பி சீலை அறுத்து ஆயிலை வெளியேற்றும். ஆயில் இல்லாமல் கியர் பாக்ஸ் எரிந்தபிறகுதான் நமக்குத் தெரியவரும்.

ஆயில் மட்டம் பார்ப்பதும் இப்போதே. லெவல் பிளக் வரைக்கும் போதும். நிறைய ஊற்றினால் நல்லது என்று ஊற்றினால், சூட்டில் விரிந்து சீலைத் தள்ளிக்கொண்டு வரும்.

4. மாட்டுதல்

இரண்டு லோயர் லிங்க்கையும் மாட்டி, பின் என்னும் ஊசியைப் போட்டு, அது கழலாமல் லிஞ்ச் பின் என்னும் பூட்டு ஊசியைக் கொண்டு பூட்டுங்கள். பின்னின் தடிமன் பொருந்த வேண்டும். முதல் வகை (கேட்டகரி 1) இணைப்பில் கீழ்ப் பின் 22 மி.மீ., மேல் பின் 19 மி.மீ.; இரண்டாம் வகையில் 28, 25. பெரிய ஓட்டையில் சிறிய பின்னைப் போட்டால் மோவர் லொடலொடவென்று ஆடும், நீங்கள் வைக்கும் எந்த அளவும் நிற்காது. அதற்கென்று புஷ் (ஓட்டையின் இடைவெளியை நிரப்பும் வளையம்) இருக்கிறது, அதைப் போடுங்கள்.

பக்கவாட்டு செயின் அல்லது ஸ்டெபிலைசரை மோவர் நடுவில் நிற்கும்படி இறுக்குங்கள். கையால் தள்ளினால் இரண்டு மூன்று செ.மீ. அசையலாம், அதற்கு மேல் வேண்டாம். டாப் லிங்க்கை இப்போதைக்குச் சும்மா மாட்டி விடுங்கள். நீளத்தைப் பற்றி இப்போது கவலை இல்லை.

5. பிடிஓ ஷாஃப்ட் நீளம்

டிராக்டர் மாறினால் ஷாஃப்ட் நீளத்தையும் சரிபார்க்க வேண்டும். வேறொரு டிராக்டரில் சரியாக இருந்தது என்பது இந்த டிராக்டருக்குச் செல்லாது.

ஷாஃப்டை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை டிராக்டரிலும் மறுபாதியை மோவரிலும் மாட்டுங்கள். மோவரை மெல்ல ஏற்றி இறக்கி, இரண்டு முனைகளுக்கும் இடையே தூரம் எங்கே மிகக் குறைவு என்று கண்டுபிடியுங்கள். ஷாஃப்ட் ஏறத்தாழ நேர்கோட்டில் வரும் இடத்தில்தான் பெரும்பாலும் அது வரும். அந்த நிலையில் முட்டு வைத்து எஞ்சினை நிறுத்திவிட்டு இரண்டு பாதியையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். ஒன்று மற்றொன்றின் அடியில் முட்டாமல் குறைந்தது 2.5 செ.மீ. இடைவெளி வேண்டும். முட்டினால் ஷாஃப்ட் டிராக்டரின் பிடிஓ பேரிங்கைக் குத்தும்.

அதேபோல மிக நீளும் நிலையில், குழாய்களில் மூன்றில் ஒரு பங்காவது ஒன்றுக்குள் ஒன்று இருக்க வேண்டும். குறைந்தால் வளைந்து கழன்று வந்துவிடும். நீளத்தை வெட்ட வேண்டியிருந்தால் உள்குழாய், வெளிக்குழாய், இரண்டின் பிளாஸ்டிக் உறை எல்லாவற்றிலும் ஒரே அளவு வெட்டி, பிசிறை அரத்தால் தேய்த்து, கிரீஸ் தடவி மாட்டுங்கள். உறை சுற்றாமல் பிடிக்கும் சின்னச் சங்கிலியை மறக்க வேண்டாம். வேட்டி நுனியோ துப்பட்டாவோ சுற்றும் ஷாஃப்டில் சிக்கினால் கையை எடுக்கக்கூட நேரம் இருக்காது. பழைய ஷாஃப்டில் உறை உடைந்திருந்தால், புது உறை வரும்வரை வேலை நிற்கட்டும்.

6. இடவல மட்டம்

மோவரை இறக்கி, டெக் தரையிலிருந்து நீங்கள் வெட்ட நினைக்கும் உயரத்துக்குப் பக்கத்தில் வரும்படி நிறுத்துங்கள். முட்டு கொடுங்கள். ரசமட்டத்தை டெக்கின் குறுக்கே வைத்தால் ஓர் உத்தேசம் தெரியும். ஆனால் பழைய மோவரின் டெக் எங்காவது நெளிந்திருக்கும், அதை நம்பக் கூடாது. பிளேடு நுனியில் அளப்பதுதான் சரி.

ஒரு பிளேடைக் குறுக்காக, இடது பக்கம் நோக்கி, முழுதாக விரித்து வையுங்கள். நுனியின் கீழ்விளிம்பிலிருந்து தரைக்கு அளந்து டெக்கில் சாக்பீஸால் எழுதுங்கள். ஷாஃப்டைக் கையால் சுற்றி அதே பிளேடை வலது பக்கம் கொண்டுவந்து மறுபடி அளங்கள். அதே பிளேடாக இருக்க வேண்டும் என்பதைக் கவனியுங்கள். இரண்டு பிளேடில் ஒன்று லேசாக வளைந்திருந்தால் மோவர் சாய்ந்திருப்பது போலத் தோன்றும்.

வித்தியாசம் இருந்தால் லிஃப்ட் ராடின் (லோயர் லிங்க்கைத் தூக்கும் கம்பி) நீளத்தைத் திருகிச் சரிசெய்யுங்கள். பெரும்பாலான டிராக்டர்களில் வலது பக்க ராடில் திருகு இருக்கும். அரை செ.மீ.க்குள் வந்துவிட்டால் விட்டுவிடலாம். கரட்டு நிலத்தில் அதற்கு மேல் நுணுக்கம் பார்ப்பது வெட்டி வேலை.

இதை ஏன் முதலில் செய்கிறோம்? ஒரு பக்கம் தாழ்ந்திருக்கும்போது முன்னும் பின்னும் அளந்தால், எந்தப் பக்கத்தை அளந்தோமோ அந்தப் பக்கத்தின் பொய்யும் சேர்ந்து வரும்.

7. வால் சக்கரம்: பின்பக்க உயரம்

மோவரின் பின்பக்கம் எவ்வளவு உயரத்தில் ஓட வேண்டும் என்பதை வால் சக்கரம்தான் முடிவு செய்கிறது. சக்கரத்தின் தாங்கியில் ஓட்டைகளோ திருகோ இருக்கும். அதில் ஏற்றி இறக்கலாம். சக்கரத்தைத் தாங்கியில் கீழே இறக்கினால் மோவரின் வால் ஏறும். முதல் தடவை எல்லோரும் தலைகீழாகச் செய்வார்கள், பரவாயில்லை.

மேய்ச்சல் நிலத்துக்கு என்ன உயரம்? கரட்டு நிலத்தில் 10 முதல் 15 செ.மீ. நல்ல இடம். புல் மறுபடி தழைக்க அடியில் இலை இருக்கும். கல்லும் எறும்புப் புற்றும் பிளேடில் படாது. 7 செ.மீ.க்குக் கீழே போனால் புல்லின் அடித்தூர் காயும், மண் தூசியாகப் பறக்கும், பிளேடு மண்ணைத் தின்று ஒரே நாளில் மொட்டையாகும்.

அடுத்தது தலையும் வாலும். புல்லை ஒரே தடவை வெட்டிப் போட்டால் போதும் என்றால் தலை கொஞ்சம் குனிந்து வால் நிமிர்ந்திருக்க வேண்டும். பிளேடு முன்னால் வரும்போது வெட்டிவிட்டு, பின்னால் போகும்போது வெட்டிய தூரின் மேல் உரசாமல் போகும். முன்நுனி பின்நுனியைவிட 1 முதல் 2 செ.மீ. தாழ்ந்திருந்தால் போதும். டிராக்டர் லேசாக இழுக்கும், டீசலும் குறையும்.

குத்துச்செடியைத் துண்டு துண்டாக நொறுக்க வேண்டும் என்றால் வாலை அதே அளவு தாழ்த்துங்கள். வெட்டுப்பட்டது டெக்குக்கு அடியில் சிக்கி இரண்டு மூன்று அடி வாங்கிக்கொண்டு வெளியே வரும். அதற்குத் திறன் அதிகம் வேண்டும், வேகம் குறைய வேண்டும். புதிதாக ஓட்டுகிறவருக்கு நான் தலை குனிந்த முறையைத்தான் சொல்வேன்.

8. முன்பக்க உயரம்

முன்பக்கத்தை லோயர் லிங்க் தாங்குகிறது. அதாவது டிராக்டரின் லிஃப்ட் லிவர். பொசிஷன் கண்ட்ரோல் லிவரால் மட்டும் உயரம் வையுங்கள். டிராஃப்ட் கண்ட்ரோல் கலப்பைக்கானது. அது இழுவையைப் பார்த்து ஏற்றி இறக்கும். மோவரில் அதை விட்டுவைத்தால் ஓட ஓட உயரம் தானாக மாறிக்கொண்டிருக்கும்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு பார்ப்போம், இது புரிந்தால் பாதி வேலை மிச்சம். லோயர் லிங்க் மாட்டும் ஊசியிலிருந்து வால் சக்கரம் 2.5 மீட்டர், பிளேடின் முன்நுனி 0.4 மீட்டர், பின்நுனி 1.9 மீட்டர் தூரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வால் சக்கரத்தில் 5 செ.மீ. ஏற்றினால் பின்நுனி 3.8 செ.மீ. ஏறும், முன்நுனியும் 0.8 செ.மீ. ஏறிவிடும். லிங்க்கில் 5 செ.மீ. ஏற்றினால் முன்நுனி 4.2 செ.மீ., பின்நுனி 1.2 செ.மீ. ஏறும். ஒன்றைத் தொட்டால் மற்றொன்றும் அசைகிறது. அதனால் வால் சக்கரத்தை வைத்து, லிவரை வைத்து, திரும்ப ஒரு தடவை இரண்டையும் அளந்துவிடுங்கள். இரண்டாவது சுற்றில் எல்லாம் வந்து உட்கார்ந்துவிடும்.

உதாரணமாக முன்நுனி 12 செ.மீ., பின்நுனி 13.5 செ.மீ. வந்துவிட்டால், லிவரின் ஸ்டாப்பரை அந்த இடத்தில் பூட்டுங்கள். திருப்பத்தில் தூக்கி மறுபடி இறக்கும்போது அதே உயரத்துக்கு வந்து நிற்க அதுதான் வழி. ஸ்டாப்பர் இல்லாத டிராக்டரில் சாக்பீஸ் கோடாவது போடுங்கள். லிஃப்ட் மெல்ல இறங்கும் டிராக்டராக இருந்தால், லோயர் லிங்க்கைத் தொங்கவிடும் செக் செயின் வாங்கி மாட்டுவது நல்ல தீர்வு. எடை சங்கிலியில் நிற்கும், ஹைட்ராலிக் ஓய்வெடுக்கும்.

டெக்கின் பக்கவாட்டுச் சறுக்குப் பட்டைகள் உயரம் வைப்பதற்கு அல்ல. மோவர் தடுக்கி விழுந்தால் தாங்குவதற்கு. வேலை முழுக்க அவை தரையில் உரசினால் உயரம் குறைவு என்று பொருள்.

9. இப்போது டாப் லிங்க்

கடைசியில் வந்துவிட்டோம். முன்னும் பின்னும் உயரம் சரியாக நிற்கும் நிலையில், டாப் லிங்க் மோவரின் கோபுரத்தோடு (முன்பக்கத்தில் எழும்பி நிற்கும் சட்டம்) சேரும் இடத்தைப் பாருங்கள். பெரும்பாலான மோவர்களில் அங்கே ஆடும் இணைப்பு ஒன்று இருக்கும். சிலவற்றில் கோபுரத்திலிருந்து டெக்கின் பின்புறத்துக்குச் சங்கிலி போகும். இரண்டுக்கும் வேலை ஒன்றே: வால் சக்கரம் தன் இஷ்டத்துக்குத் தரையைத் தொடர்ந்து ஏறி இறங்க விடுவது.

இறுக்கமாக இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். டிராக்டரின் முன்சக்கரம் ஒரு வரப்பில் ஏறுகிறது. டிராக்டரின் மூக்கு நிமிர்கிறது, பின்னால் உள்ள டாப் லிங்க் முனை பின்னோக்கித் தள்ளுகிறது. அந்தத் தள்ளல் மோவரின் வாலைக் கீழே அழுத்துகிறது. வால் சக்கரமோ கீழே போக முடியாது, தரை இருக்கிறது. ஆக சக்கரத் தாங்கி வளையும், அல்லது டெக் நெளியும். முன்சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் நேர் எதிர்: வால் அந்தரத்தில் தொங்கும், மோவர் தலை குனிந்து நிற்கும். வால் சக்கரத் தாங்கி வளைந்த மோவரைக் கண்டால் நான் முதலில் கேட்பது, டாப் லிங்க் எப்படி இருந்தது என்றுதான்.

எனவே டாப் லிங்க்கை நீட்டுங்கள். ஆடும் இணைப்பு உள்ள மோவரில், வேலை உயரத்தில் அந்த இணைப்பு ஏறத்தாழ செங்குத்தாக, முன்னும் பின்னும் ஆட இடமிருக்கும்படி நிற்க வேண்டும். இறுக்கம் விட்ட இடத்திலிருந்து இன்னும் 3 முதல் 5 செ.மீ. நீட்டினால் வழக்கமாக அங்கே வந்துவிடும். சங்கிலி உள்ள மோவரில் சங்கிலி லேசாகத் தொய்ந்து தொங்க வேண்டும்.

சோதனை எளிது. மோவரை முட்டிலிருந்து விடுவித்து, வால் சக்கரத்தின் முன் 10 செ.மீ. தடிமன் பலகை ஒன்றைப் போட்டு, பிடிஓ சுற்றாமல் டிராக்டரை மெல்ல நகர்த்துங்கள். சக்கரம் பலகையில் ஏறும்போது டாப் லிங்க் முட்டித் தள்ளாமல் இணைப்பு ஆடிக்கொடுத்தால் சரி. டிராக்டரின் பின்பக்கம் அசைந்தால் இன்னும் நீட்டுங்கள்.

அதற்காக எவ்வளவு வேண்டுமானாலும் தளர்த்தவும் கூடாது. மோவரை முழுக்கத் தூக்கிப் பாருங்கள். தளர்வு அதிகமானால் முன்பக்கம் மட்டும் எழுந்து வால் தரையிலேயே இழுபடும். சக்கரம் தரையை விட்டுத் தாராளமாக எழ வேண்டும். இந்த இரண்டுக்கும் இடையில்தான் உங்கள் டாப் லிங்க் நீளம் இருக்கிறது. கண்டுபிடித்ததும் லாக் நட்டை இறுக்கி, தெரியும் மரையின் நீளத்தை எங்காவது குறித்து வையுங்கள். அடுத்த பருவத்தில் உதவும்.

தூக்கிய நிலையில் ஷாஃப்ட் டெக்கின் முன்விளிம்பைத் தொடுகிறதா என்றும் ஒரு பார்வை. தொட்டால் லிவர் அதற்கு மேல் போகாதபடி ஸ்டாப்பர் வைக்க வேண்டும்.

10. ஷியர் போல்ட், ஸ்லிப் கிளட்ச்

கட்டையில் பிளேடு மோதினால் முதலில் உடைய வேண்டியது ஷியர் போல்ட். அதன் வேலையே உடைவதுதான். ஒரு முறை கையில் வேறு இல்லை என்று ஹை டென்சைல் (மிக உறுதியான) போல்ட் ஒன்றைப் போட்டு ஓட்டினேன். போல்ட் உடையவில்லை. கியர் பாக்ஸுக்குள் போகும் தண்டு உடைந்தது. கையேடு சொல்லும் தரத்தைத் தவிர வேறு எதையும் அந்த ஓட்டையில் போடக் கூடாது.

ஸ்லிப் கிளட்ச் (சுமை மீறினால் வழுக்கிக்கொடுக்கும் தட்டுகள் உள்ள கிளட்ச்) இருந்தால், பல மாதம் சும்மா நின்ற மோவரில் அதன் தட்டுகள் துருவில் ஒட்டியிருக்கும். வழுக்க வேண்டிய நேரத்தில் வழுக்காது. ஸ்பிரிங் ஒவ்வொன்றின் நீளத்தையும் அளந்து எழுதிவிட்டு, நட்டுகளைத் தளர்த்துங்கள். தட்டுகளின் குறுக்கே சாக்பீஸ் கோடு ஒன்று இழுத்து, எஞ்சின் மெதுவாக ஓடும்போது பிடிஓவை இரண்டு மூன்று நொடி மட்டும் போட்டு எடுங்கள். எல்லாம் நின்றபிறகு பார்த்தால் கோடு விலகியிருக்க வேண்டும். விலகினால் ஸ்பிரிங்கைப் பழைய நீளத்துக்கே இறுக்குங்கள். விலகவில்லை என்றால் பிரித்துத் துருவைத் தேய்த்து எடுக்க வேண்டியதுதான்.

பழைய வகை டிராக்டரில் இன்னொரு ஆபத்து உண்டு. கிளட்ச் மிதித்தபிறகும் சுற்றும் பிளேடின் வேகம் ஷாஃப்ட் வழியாகத் திரும்பி வந்து டிராக்டரையே முன்னால் தள்ளும். பிரேக் பிடிக்கவில்லை என்று பலர் நினைப்பது இதைத்தான். அந்த டிராக்டருக்கு ஓவர்ரன்னிங் கிளட்ச் (மோவரின் வேகம் டிராக்டருக்குத் திரும்பாமல் விடும் கிளட்ச்) ஒன்று ஷாஃப்டில் கட்டாயம் வேண்டும்.

11. நிலத்தை நடந்து பாருங்கள்

இதைத் தவிர்க்கிறவர்கள்தான் அதிகம். உயர்ந்த புல்லுக்குள் கல், வெட்டிய மரத்தின் தூர், வேலிக்கம்பி, பாட்டில் எல்லாம் ஒளிந்திருக்கும். கோலால் விலக்கிக்கொண்டு நடந்து, எடுக்க முடிந்ததை எடுங்கள். முடியாததற்கு அருகே உயரமான குச்சி நட்டு துணி கட்டுங்கள்.

முன்னும் பின்னும் சங்கிலித் திரையோ ரப்பர் பட்டையோ முழுதாக இருக்க வேண்டும். இருந்தாலும் கல் தெறிக்கும். 100 மீட்டருக்குள் ஆளோ ஆடுமாடோ இருக்கக் கூடாது.

12. முதல் ஓட்டம்

எஞ்சின் மெதுவாக ஓடும்போது பிடிஓவைப் போடுங்கள். பிளேடு விரியும்போது டொக் டொக் என்று ஓரிரு சத்தம் கேட்கும், அது இயல்பு. அப்புறம் மெல்ல ஆக்ஸிலரேட்டரை ஏற்றி பிடிஓ நிமிடத்துக்கு 540 சுற்று வரும் இடத்தில் வையுங்கள். டிராக்டரில் சிக்கன பிடிஓ நிலை இருந்தால் அது குறைந்த எஞ்சின் வேகத்திலேயே 540 தரும். அதைப் போட்டுவிட்டு எஞ்சினையும் முழுக்க ஏற்றினால் பிளேடு அளவுக்கு மீறிச் சுற்றும். 1000 சுற்று நிலை இருந்தால் அதன் பக்கமே போக வேண்டாம்.

அடர்ந்த புல் வந்ததும் ஆக்ஸிலரேட்டரைக் குறைப்பது புதியவர்களின் பழக்கம். குறைத்தால் பிளேடு மெதுவாகிப் புல்லை வெட்டாமல் அடித்துச் சாய்க்கும். எஞ்சின் வேகத்தை விட்டுவிட்டு கியரைக் குறையுங்கள். முரட்டுப் புல்லில் மணிக்கு 3 முதல் 5 கி.மீ. போதும், லேசான இடத்தில் 7, 8 வரை போகலாம். இடுப்பளவு புல் என்றால் முதலில் 20, 25 செ.மீ. உயரத்தில் ஒரு தடவை, பிறகு வேண்டிய உயரத்தில் எதிர்த்திசையில் ஒரு தடவை.

நடுவிலிருந்து ஓரத்துக்கு வெட்டிக்கொண்டு வாருங்கள். ஓரத்திலிருந்து சுற்றி உள்ளே போனால் முயலும் தரையில் கூடு கட்டிய பறவையின் குஞ்சும் நடுத் திட்டில் மாட்டிக்கொள்ளும். சரிவில் குறுக்காக ஓட்டாமல் மேலும் கீழுமாக ஓட்டுங்கள்; சீட் பெல்ட்டும் உருள் பாதுகாப்புச் சட்டமும் இல்லாத டிராக்டரைச் சரிவுக்கே கொண்டுபோகாதீர்கள். திருப்பத்தில் மோவரை அதிகம் தூக்க வேண்டியிருந்தால் முதலில் பிடிஓவை எடுங்கள்.

13. ஐம்பது மீட்டர் போய் இறங்கிப் பாருங்கள்

வெட்டிய இடமே எது தவறு என்று சொல்லும்.

ஒரு ஓரம் உயரமாகவும் மறு ஓரம் தாழ்வாகவும் இருந்தால் இடவல மட்டம், அல்லது டயர் காற்று. மேடுகளில் மட்டும் மண் சீவியிருந்தால் முதலில் டாப் லிங்க் தளர்வைப் பாருங்கள். அது சரியென்றால் மொத்த உயரமே குறைவு. புல் நுனி நார் நாராகக் கிழிந்திருந்தால் பிளேடு மழுங்கியிருக்கிறது, அல்லது பிடிஓ வேகம் போதவில்லை.

டிராக்டர் டயர் போன தடத்தில் மட்டும் புல் நிற்கிறதா? அது மோவரின் குற்றமில்லை. டயர் மிதித்துச் சாய்த்தது பின்னால் நிமிர்கிறது. எதிர்த்திசையில் ஓர் ஓட்டம் போதும். வெட்டிய புல் கட்டி கட்டியாக விழுந்தால் ஈரம் காயவில்லை, அல்லது வேகம் அதிகம். டிராக்டர் திணறி, வெட்டும் சுமாராக இருந்தால் வால் தாழ்ந்திருக்கிறதா என்று டேப்பை எடுங்கள்.

திடீரென்று அதிர்வு வந்தால் முதல் வேலை பிடிஓவை எடுப்பது. பிளேடு மடங்கி நிற்கலாம், கம்பி சுற்றியிருக்கலாம், பிளேடு ஒன்று உடைந்தே போயிருக்கலாம். போகப் போகச் சரியாகிவிடும் என்று ஓட்டாதீர்கள்.

14. ஒரு மணி நேரம் கழித்து

நிறுத்தி, ஆறவிட்டு, முட்டு கொடுத்து பிளேடு போல்ட்டுகளை மறுபடி இறுக்கிப் பாருங்கள். புதிதாக மாட்டிய போல்ட் முதல் ஒரு மணி நேரத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். கியர் பாக்ஸின் அடிச் சீலில் ஆயில் கசிவு, லிஞ்ச் பின்கள், வால் சக்கரப் போல்ட், ஷாஃப்டின் மூட்டுகளுக்கு (கிராஸ்) கிரீஸ் எல்லாவற்றையும் பாருங்கள். முன்நுனியையும் பின்நுனியையும் மறுபடி அளந்து, மட்டமான தளத்தில் எழுதிவைத்த எண்ணோடு ஒப்பிடுங்கள். முன்பக்கம் மட்டும் ஒன்றிரண்டு செ.மீ. இறங்கியிருந்தால் லிஃப்ட் கசிகிறது. அன்றைக்கே செக் செயின் போட்டுவிடுங்கள்.